ஒற்றனின் நெஞ்சு: சமயமும் குற்றவுணர்வும் உளவுக் கதையில் எப்படி வேலை செய்கின்றன

வழக்கமான உளவுக் கதையை நாம் ஒரே கேள்விக்காகத்தான் விடாமல் வாசிக்கிறோம்: ஆள் அகப்படுவானா, தப்புவானா? அந்த ஆளுக்கு ஒரு சமய நம்பிக்கையைக் கொடுத்துவிட்டால் இரண்டாவது கேள்வியும் வந்து சேரும். பொலிஸுக்குத் தெரியாமல் போகலாம், எதிரிக்குத் தெரியாமல் போகலாம். தான் கும்பிடுகிற சாமிக்குத் தெரிந்துவிட்டது என்று உள்ளூர நம்புகிறவன் எவ்வளவு காலம் தாக்குப்பிடிப்பான்? இந்த இரண்டாவது கேள்வி முதலாவதன் விடையைத் தீர்மானிக்கும் கதைகளைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம். உதாரணங்கள் பெரும்பாலும் மலையகத்திலிருந்து வரும். கண்டி, ஹட்டன், நுவரெலியாப் பக்கத்தவர்களுக்குக் களம் கண்முன்னே இருப்பதால் விஷயம் சீக்கிரம் பிடிபடும்.

இந்த வகையை இனங்காண ஒரு சோதனை போதும். கதையிலிருந்து சமயத்தை முழுதாக எடுத்துவிட்டுப் பாருங்கள். நாயகன் தேவாலயத்துக்குப் போவதற்குப் பதிலாகச் சலூனுக்குப் போனாலும் சம்பவங்கள் அதே வரிசையில் நடக்குமென்றால், அது வெறும் உளவுக் கதை. சிலுவையும் திருநீறும் அட்டைப் படத்துக்கான அலங்காரம். சமயத்தை எடுத்ததும் கதை நகர மறுக்க வேண்டும். அப்படியென்றால் ஒரே செயலில் இரண்டு சட்டங்கள் மோதுகின்றன என்று அர்த்தம். ஒற்றுத் தொழிலின் சட்டம் வாயைத் திறக்காதே என்கிறது. சமயத்தின் சட்டம் சொல்லிவிடு, திருப்பிக் கொடு, மன்னிப்புக் கேள் என்கிறது. மனப்பாரத்தை இறக்கும் அதே செயல் அவனைக் காட்டிக்கொடுக்கவும் செய்யும். இந்தப் பூட்டு விழுந்தால் மிச்சக் கதை தானாக ஓடும்.

தொழிற்சொற்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். தகவல் எடுப்பவர் ஒற்றர். அவரைப் பின்னாலிருந்து இயக்கிக் காசும் கட்டளையும் கொடுப்பவர் இயக்குநர். தான் யாரென்று ஊருக்குக் காட்டிக்கொள்ளும் பொய்யான வாழ்க்கை மறைவேடம். இருவரும் சந்திக்காமலே பொருளை வைத்துவிட்டுப் போகும் இடம் போட்டுவைக்கும் இடம். இரு பக்கமும் வேலை செய்பவர் இரட்டை ஒற்றர். ஒருவரை இந்தத் தொழிலுக்குள் இழுக்கும் தூண்டில்களை நான்காகச் சொல்வார்கள்: பணம், கொள்கை, மிரட்டல், செருக்கு. சமயம் ‘கொள்கை’ என்ற பெட்டிக்குள்தான் அடங்கும் என்று தோன்றும். நல்ல கதைகளில் அது மிரட்டலுக்குள்ளேதான் அதிகம் வேலை செய்கிறது. ஒருவர் எதை நினைத்து வெட்கப்படுகிறார் என்று தெரிந்துகொண்ட இயக்குநருக்கு வேறு தூண்டில் தேவையில்லை.

துறவி வேடமும் முத்தநாதனும்

ஒற்றும் சமயமும் சேர்ந்த கதை வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு என்று நினைக்க வேண்டாம். திருக்குறளில் ஒற்றாடல் ஒரு முழு அதிகாரம். அதிலே 586ஆம் குறள் ‘துறந்தார் படிவத்த ராகி இறந்தாராய்ந்து என்செயினும் சோர்விலது ஒற்று’ என்கிறது. துறவி வேடத்தில் எல்லை கடந்து போய் ஆராய வேண்டும். பிடித்து என்ன செய்தாலும் சோரக்கூடாது. வேடத்துக்காகப் பூசிய திருநீறு அவன் நெற்றியில் என்ன செய்தது என்று குறள் கேட்கவில்லை. நம் வகைக் கதை தொடங்குவதே அங்கேதான்.

அந்தக் கேள்விக்கு மிக அருகில் போனது பெரியபுராணத்தின் மெய்ப்பொருள் நாயனார் வரலாறு. அரசரான அவரைப் போரில் வெல்ல முடியாமல் போன முத்தநாதன் மேனியெங்கும் நீறு பூசி, சடை முடித்து, ஏட்டுக் கட்டுக்குள் ஆயுதத்தை மறைத்து அரண்மனைக்குள் நுழைகிறான். யாரிடமும் இல்லாத ஆகமம் ஒன்று கொண்டுவந்திருப்பதாகச் சொல்லித் தனியிடம் கேட்கிறான். அரசியும் விலகிப் போகிறாள். அரசர் அவனை ஆசனத்தில் இருத்தி, தாம் கீழே இருந்து வணங்கும்போது குத்துகிறான். பாய்ந்து வந்த காவலன் தத்தனை, ‘தத்தா, நமர்’, இவர் நம்மவர், என்று தடுத்துவிட்டு விழுகிறார் அரசர். தத்தனே கொலைகாரனை ஊர் எல்லை வரைக்கும் பத்திரமாகக் கொண்டுபோய் விடுகிறான்.

நாயனாரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது பக்தியின் வரலாறு. முத்தநாதனின் பக்கத்திலிருந்து பாருங்கள். வேடம் பலித்தது, வேலை முடிந்தது. ஆனால் தான் பொய்யாகப் பூசிய நீற்றை உண்மையென்று மதித்து ஒருவர் உயிரை விட்டிருக்கிறார். அவருடைய ஆணையால்தான் இவன் உயிரோடு வெளியே போகிறான். எல்லை வரைக்கும் தத்தனோடு நடந்த அந்த வழியில் அவன் என்ன நினைத்தான் என்று எழுதப் புகுந்தால், இந்த வகையின் முழு நாவலே கிடைத்துவிடும். எழுதிப் பழக விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

பாவசங்கீர்த்தனம் என்னும் பூட்டு

மேலைநாட்டில் இந்த வகை கத்தோலிக்கரைச் சுற்றி வளர்ந்ததற்குக் காரணம் உண்டு. அங்கே பாவசங்கீர்த்தனம், அதாவது பாவங்களைக் குருவிடம் அறிக்கையிடுவது, என்ற வடிவில் குற்றவுணர்வுக்கு நடைமுறை விதிகள் இருக்கின்றன. முதலில் பாவங்களை நினைவுக்குக் கொண்டுவர வேண்டும், பிறகு மனஸ்தாபப்பட வேண்டும், இனிச் செய்வதில்லை என்று பிரதிக்கினை செய்ய வேண்டும், குருவிடம் வாயால் சொல்ல வேண்டும், அவர் விதிக்கும் அபராதத்தைத் தீர்க்க வேண்டும். கதாசிரியருக்குப் பொன்னான இடம் அந்த மூன்றாவது படி. நாளைக் காலையும் அதே இரகசியத்தைக் கொண்டுபோய் அதே இடத்தில் வைக்கப் போகிறவன் இன்றிரவு பிரதிக்கினை செய்ய முடியாது. செய்தால் அது பொய். அந்தப் பாவமன்னிப்பும் செல்லாது. தொழிலை விட்டால்தான் மன்னிப்பு, விட்டால் உயிர் போகும். வேறு வில்லன் எதற்கு?

குருவின் பக்கத்துப் பூட்டு இன்னும் இறுக்கம். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை நேரடியாக வெளியிடும் குரு தானாகவே திருச்சபையிலிருந்து விலக்கப்படுகிறார். பலருக்குத் தெரியாதது திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 984ஆம் விதி. வாயைத் திறக்காவிட்டாலும், வெளியே தெரியவே போவதில்லை என்றாலும், கேட்ட விஷயத்தைப் பாவசங்கீர்த்தனம் செய்தவருக்குப் பாதகமாகப் பயன்படுத்தக்கூடாது என்கிறது அது. ‘பாதர் பொலிஸுக்கு மொட்டைக் கடிதம் போட்டுவிட்டார்’ என்று கதையை முடிப்பவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். போடலாம். ஆனால் போட்டவுடன் அவர்தான் கதையின் மிகப் பெரிய குற்றவாளி, அதற்குப் பிறகுதான் கதையே ஆரம்பம்.

இதற்கு வரலாற்றுச் சாட்சி ஹென்றி கார்னெட் என்ற இயேசு சபைக் குரு. 1605இல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்கும் சதி, பாவசங்கீர்த்தன இரகசியமாக, இன்னொரு குரு வழியாக அவர் காதுக்கு வந்தது. வெளியே சொல்ல முடியாது. கலகத்தைப் பொதுவாகத் தடை செய்யும்படி ரோமுக்கு எழுதினார்; சதியின் பெயரைச் சொல்லவில்லை. நவம்பரில் சதி பிடிபட்டது. ஒளித்து வைக்கப்பட்டிருந்த மறைவறையிலிருந்து 1606 ஜனவரியில் அவர் பிடிக்கப்பட்டார். சிறையில் பக்கத்து அறையில் இன்னொரு குருவை வைத்து, இருவரும் பேசிக்கொள்ள வழிவிட்டு, ஒட்டுக்கேட்க ஆட்களை ஒளித்து வைத்தார்கள். மே 3ஆம் திகதி தூக்கு.

அவர் சிறையிலிருந்து எழுதிய மறைகடிதங்களுக்கு மை தோடம்பழச் சாறு. இது சும்மா கிடைத்த பழத்தைப் பிழிந்தது அல்ல. எலுமிச்சைச் சாற்றில் எழுதியது சூட்டிலோ தண்ணீரிலோ தெரிந்து, காய்ந்ததும் மறுபடி மறையும். தோடம்பழச் சாறு சூடு காட்டினால் மட்டும் தெரியும், தெரிந்தபின் மறையாது. ஆகவே இடையில் எவனாவது வாசித்திருந்தால் கடிதம் கிடைத்தவருக்கு அது விளங்கிவிடும். அந்தக் காலத்து ஆங்கிலேயக் குருமார் இந்த வித்தியாசத்தைத் தெரிந்தே பயன்படுத்தினார்கள். தொழில் நுணுக்கம் கதையில் வரவேண்டிய விதமும் இதுதான்: சுருக்கமாக, காரணத்தோடு.

நம் காலத்து உதாரணம் அமெரிக்க எஃப்.பி.ஐ. அதிகாரி ரொபர்ட் ஹான்சன். மிகுந்த பக்தியுள்ள கத்தோலிக்கர். 1979இல் சோவியத்துக்கு இரகசியம் விற்கத் தொடங்கினார். மனைவி கண்டுபிடித்ததும் ஒரு குருவிடம் போனார். அந்தப் பணத்தைத் தருமத்துக்குக் கொடுக்கும்படி ஆலோசனை கிடைத்தது. சில வருடம் நிறுத்தியிருந்துவிட்டு 1985இல் திரும்பவும் ஆரம்பித்து, 2001 பெப்ரவரியில் ஒரு பூங்காவில் பொதியை வைத்துவிட்டு வரும்போது பிடிபட்டார். கற்பனைக் கதையில் இப்படி எழுதினால் நம்ப மாட்டோம். திரும்பவும் தொடங்கிய அந்த 1985தான் எழுத்தாளர் குடைய வேண்டிய இடம். மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்ற நிம்மதியே அடுத்த துரோகத்துக்குத் தைரியம் கொடுக்குமா?

இந்த வகையின் பெரிய பெயர் ஆங்கில நாவலாசிரியர் கிரகாம் கிரீன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1926இல் கத்தோலிக்கராக மாறியவர், இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய உளவுத்துறைக்காகச் சியேரா லியோனில் இருந்தவர். அங்கிருந்து திரும்பியபின் அவருக்கு மேலதிகாரியாக இருந்த கிம் பில்பி சோவியத் ஒற்றர் என்பது பிறகு வெளிவந்து, 1963இல் பில்பி மொஸ்கோவுக்கு ஓடினார். கிரீன் அந்த நட்பைக் கடைசிவரை விடவில்லை. விசுவாசமும் துரோகமும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்ததை நேரில் கண்டவர் என்பதால் அவர் எழுத்தில் போதனை வாடை குறைவு.

சூடம், வினயம், உரிமை

பாவசங்கீர்த்தனம் இல்லாத சமயங்களில் இந்த வகைக் கதை எழுத முடியாது என்று சிலர் சொல்வதுண்டு. அது சோம்பல். ஒவ்வொரு சமயத்திலும் குற்றவுணர்வுக்கு ஒரு பொறிமுறை இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் கத்தோலிக்கரின் பாவசங்கீர்த்தனக் கூண்டையே எல்லா இடத்திலும் கொண்டுபோய் வைப்பதுதான் பிழை.

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் எரியும் சூடத்தைக் கையால் அணைத்துச் செய்யும் சத்தியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே குற்றத்தைக் காதோடு காதாகச் சொல்ல ஆள் இல்லை. சத்தியம் ஊர் பார்க்க நடக்கிறது, சாட்சி தெய்வம். மீறினால் தண்டனை மீறியவன்மீதே விழும் என்றில்லை, பிள்ளைமீது விழலாம். ஆகவே ஒற்றன் தன் குற்றத்தைத் தன் நெஞ்சுக்குள் தேடுவதைவிட வீட்டுக்குள் தேடுவான்: பிள்ளைக்கு வந்த காய்ச்சல், கறவை நின்ற மாடு, இடிந்து விழுந்த குசினிச் சுவர். எல்லாம் அவனுக்கு அடையாளமாகத் தெரியும். அதற்கு மேல் குறி கேட்கும் வழக்கம் இருக்கிறது. சாமியாடி ஊர் நடுவில் நின்று ‘உன் வீட்டுக்குள்ள பொய் இருக்கு’ என்று சொல்லிவிட்டால் எந்த மறைவேடமும் கிழியும். எதிர் உளவுக்கு இதைவிடப் பயங்கரமான கருவி எந்த இலாகாவிடமும் இல்லை.

பௌத்த பிக்கு ஒருவர் ஒற்றராக வந்தால் விதிகள் வேறு. தெரிந்து சொன்ன பொய், வினயம் என்ற பிக்குகளின் ஒழுக்க விதிகளில் சிறிய குற்றம். மனிதக் கொலையோ, கொலைக்குத் தூண்டுவதோ பாராஜிகம். அதைச் செய்த கணத்திலிருந்து அவர் பிக்கு இல்லை. ஒருவருக்கும் தெரியாவிட்டாலும் இல்லை. காவி அன்றிலிருந்து மறைவேடமாகிவிடுகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிக்குகள் கூடிப் பாதிமோக்கம் என்ற விதித் தொகுப்பை ஓதும்போது, தூய்மையாக இருக்கிறீர்களா என்று மூன்று முறை கேட்பார்கள். மௌனமே ஆம் என்ற பதில். தகவல் கொடுத்ததால் ஓர் ஆள் செத்திருந்தால், சாகட்டும் என்ற எண்ணம் தன்னிடம் இருந்ததா என்பதே அவரைத் தின்னும் கேள்வி. பௌத்தத்தில் கர்மத்தைத் தீர்மானிப்பது எண்ணம்தானே.

முஸ்லிம் பாத்திரத்துக்கோ தொழிலே இடிக்கும். குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் 12ஆம் வசனம் துருவித் துருவி ஆராய்வதை நேரடியாகத் தடுக்கிறது. தவ்பாவின், அதாவது பாவத்திலிருந்து மீள்வதன், நிபந்தனைகளில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது: குற்றத்தைக் கைவிட்டு, வருந்தி, இனிச் செய்வதில்லை என்று உறுதி கொண்டால் மட்டும் போதாது. பறித்தது மனிதனின் உரிமையென்றால் அதை அவனிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது அவனிடமே மன்னிப்புப் பெற வேண்டும். காட்டிக்கொடுக்கப்பட்டவர் இறந்துவிட்டால் யாரிடம் போவது? அக்குறணைக் கடைக்காரர் ஒருவரை வைத்து இந்த ஒற்றை முடிச்சிலேயே ஒரு நாவல் எழுதலாம்.

மலையகம் ஏன் பொருத்தமான களம்

வரலாறே பாதி வேலையைச் செய்துவிட்டது. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், கோவாவிலிருந்து பரதேசிக் கோலத்தில் இலங்கைக்குள் நுழைந்தவர் யோசேவாஸ் அடிகள். 1692இல் கண்டிக்கு வந்தபோது போர்த்துக்கேய ஒற்றன் என்று குற்றஞ்சாட்டி இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைச் சிறை வைத்தான். ஒற்றர் துறவி வேடம் போடுவது குறள் சொன்ன வழி. இங்கே உண்மையான துறவி ஒற்றனாகக் கருதப்பட்டார். பிறகு அதே மன்னனின் ஆதரவோடு கண்டியில் தங்கி, 1711இல் அங்கேயே இறந்தார். 2015இல் கொழும்பில் வைத்து அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள்.

அடுத்த நூற்றாண்டு கடந்து ஜோன் டொயிலி. மாத்தறையில் ஒரு பிக்குவிடம் சிங்களம் படித்த ஆங்கிலேய அதிகாரி. கண்டி இராச்சியத்துக்குள் பிக்குகள், வியாபாரிகள் என்று ஆள் பிடித்துத் தகவல் வலை பின்னினார். யார் என்ன கொண்டுவந்தார் என்று தினக்குறிப்பும் எழுதி வைத்தார். 1815 மார்ச் 2ஆம் திகதிக் கண்டி உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவு பௌத்த சமயத்தைக் காப்பதாக வாக்குக் கொடுத்தது. பிக்குகள் வழியாக வந்த தகவலின் பலன், பிக்குகளுக்குக் கொடுத்த வாக்கு, பின்னர் அந்த வாக்குக்கு நேர்ந்த கதி: மூன்றையும் தோளில் சுமக்கும் ஒரு பாத்திரத்தை நினைத்துப் பாருங்கள். 1944இல் நேச நாடுகளின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் பேராதனைப் பூங்காவுக்கு வந்தபோது, அமெரிக்க உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ்.ஸின் பிரிவொன்றும் கண்டியில் வேலை செய்தது. ஆக, இந்த மலைகளில் ஒற்றரைக் கொண்டுவர எதையும் வலிந்து இழுக்க வேண்டியதில்லை.

நிகழ்காலக் கதைக்கு ஒரு சட்டத்தையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பொலிஸிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாதாரணச் சான்றுச் சட்டப்படி வழக்கில் நிரூபிக்க முடியாது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்ததைச் சான்றாக ஏற்கிறது. அது சுயவிருப்பில் சொன்னது அல்ல என்று காட்டும் பொறுப்பும் சொன்னவர் தலையில்தான். பங்குக் குருவிடம் சொன்னால் ஒருபோதும் வெளியே வராது. அதையே மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் சொன்னால் ஆயுள் முழுக்கத் துரத்தும். இரண்டையும் ஒரே வாரத்தில் சந்திக்கும் பாத்திரம் மலையகத்தில் கற்பனைக்கு எட்டாத ஒன்றல்ல.

இடங்களும் கைகொடுக்கின்றன. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான பழைய லயத்தில் ஒரு காம்பிரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. பக்கத்துக் காம்பிராவில் இருமினால் கேட்கும். அங்கே இரகசியம் பேச முடியாது என்பதே ஒரு கதைச் சிக்கல். சிவனொளிபாத மலையில் மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை நான்கு சமயத்தவரும் இரவிரவாக ஏறுகிறார்கள். நல்லதண்ணிப் பக்கத்தால் ஐயாயிரத்துக்கு மேல் படிகள். முகம் தெரியாத கூட்டத்தில் ஒற்றர் சந்திக்க இதைவிடத் தோதான இடம் இல்லை. உச்சியில் ஒரு மணி தொங்குகிறது. எத்தனையாவது தடவை ஏறினாரோ அத்தனை முறை அடிப்பது வழக்கம். இதுதான் முதல் தடவை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர், பழக்க தோஷத்தில் நாலு அடி அடித்துவிட்டால்?

ஒரு கதையைக் கட்டிப் பார்ப்போம்

காலம் 1940. அந்த ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டு கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அந்தச் சூடு ஆறாத மாதங்களில், வேறொரு கற்பனைத் தோட்டம். நாயகர் தினமும் டவுனுக்கு நடந்து போய்த் தோட்டத்துத் தபால் பையைச் சுமந்து வருபவர். தொழிற்சங்கம் இரகசியமாகக் கூடுகிறது. காட்டிக்கொடுக்க மாட்டோம் என்று எல்லாரும் கோயிலில் சூடம் அணைக்கிறார்கள். இவரும் அணைக்கிறார், மனதார. இந்த ‘மனதார’ முக்கியம். முதலிலிருந்தே பொய்யாகச் சத்தியம் செய்தவனுக்குப் பிடிபடும் பயம் மட்டும்தான் இருக்கும்.

பிறகு ஒரு பழைய கணக்குக் குளறுபடியைக் காட்டி இன்ஸ்பெக்டர் இவரை வளைக்கிறார். சங்கத்துக்கு வரும் கடிதங்களைத் திறந்து பார்த்துச் சொன்னால் போதும். இங்கே எழுத்தாளர் கையை நெருக்கமாகக் காட்ட வேண்டும். கேத்தலில் தண்ணீர் கொதிக்கிறது. உறையின் ஒட்டைக் கேத்தல் மூக்குக்கு ஒரு சாண் தள்ளிப் பிடிக்கிறார். கிட்டப் பிடித்தால் தாள் சுருங்கும், அதிக நேரம் பிடித்தால் விலாசத்து மை ஊறும். மெல்லிய மூங்கில் ஈர்க்கால் ஓரத்திலிருந்து தூக்குகிறார். திருப்பி ஒட்டப் பழைய பசை போதவில்லை, சோற்றுப் பருக்கையை நசுக்கிப் பூசுகிறார். அது காய்ந்ததும் மொரமொரப்பாகும், விரல் வைத்தால் சிறு கட்டி தட்டுப்படும். அதே விரலில் சூடம் அணைத்தபோது பட்ட கருமை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறார். அது போய் வாரக்கணக்காகிவிட்டது. ‘தன் நெஞ்சறிவது பொய்யற்க’ என்று எந்தப் பாத்திரமும் ஓதத் தேவையில்லை.

ஒரு கடிதத்தின் விளைவாகத் தலைவர் ஒருவருக்குப் பற்றுச்சீட்டு, அதாவது வேலையிலிருந்து நிறுத்தும் சீட்டு. குடும்பத்தோடு லயத்தை விட்டு வெளியே. அடுத்த வாரம் இவர் மகனுக்குக் காய்ச்சல் ஏறுகிறது. மனைவி குறி கேட்கக் கூட்டிப்போகிறாள். சாமியாடி இவரைப் பார்த்துக் கேட்கிறார்: “ஏம்பா, எரியுற சூடத்த அமுக்குன கைதான இது? அந்தக் கையால வேற என்னத்தத் தொட்ட?” சாமியாடியும் சங்கத்து ஆள்தான், போன மாதம் அவருக்கு வந்த கடிதத்தின் ஒட்டில் கட்டி தட்டுப்பட்டிருக்கலாம். அல்லது அம்மன் இறங்கியே கேட்டிருக்கலாம். எது என்று கதை சொல்லவே கூடாது. உலகியல் விளக்கமும் தெய்வ விளக்கமும் கடைசிவரை சமபலத்தோடு நிற்பதுதான் இந்த வகையின் மிக உயர்ந்த தொழில் நுட்பம். ஒரு பக்கம் சாய்த்தால் துப்பறியும் கதையாகும், மறுபக்கம் சாய்த்தால் தலபுராணமாகும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 250 பக்க நாவல் என்றால் முதல் 40 பக்கமாவது அந்த ஆள் தன் சமயத்தோடு சாதாரணமாக வாழ்வதைக் காட்ட வேண்டும். துரோகம் 80ஆம் பக்கத்துக்கு முன் நடந்துவிட வேண்டும். தேயிலைக் கொழுந்தை வாட்டுத் தட்டில் பன்னிரண்டு பதினெட்டு மணிநேரம் வாட விடாமல் ரோலருக்குள் தள்ளினால் உடைந்து போகும். குற்றவுணர்வும் துரோகத்துக்கு மறுநாளே அழுகையாக வெடித்தால் அப்படித்தான். முதலில் நிம்மதி வரட்டும், இன்ஸ்பெக்டர் கொடுத்த காசில் ஒரு நல்ல சாப்பாடு வரட்டும். பிறகு மெதுவாக.

வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

முதலாவது, தனிமொழி. நாயகன் மழையில் நின்றுகொண்டு மூன்று பக்கத்துக்குத் தன் பாவத்தை நினைத்து உருகுவது. குற்றவுணர்வு எப்போதும் செயலாகத் தெரிய வேண்டும்: தபால் பையை இடம் மாற்றித் தோளில் போடுகிறார், கோயில் பக்கத்துக் குறுக்குப் பாதையை விட்டுச் சுற்றிப் போகிறார், பொங்கலில் தேங்காய் உடைக்கும் முறை வந்தபோது முதுகுவலி என்கிறார். ஊர் இதைக் கவனிக்கும். இங்கே குற்றவுணர்வே துப்பு.

இரண்டாவது, பக்தனை வெறியனாகவோ போலியாகவோ மட்டும் வரைவது. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஒரு சமயத்தையே சந்தேக நபராக்கும் கதைகளுக்குச் சந்தை இருக்கிறது என்பது உண்மை. அவற்றில் நம்பிக்கை ஒரு நோய்க்குறி மட்டுமே. இரண்டு சட்டங்கள் மோதுவதற்கு வழியே இல்லை. அரசியல் நியாயம் ஒருபுறம் இருக்கட்டும், தொழிலாகப் பார்த்தாலும் அது மோசமான எழுத்து.

மூன்றாவது, கடைசி அத்தியாயத்து அற்புதம். இடி விழுந்து இன்ஸ்பெக்டர் சாவது, மகன் திடீரெனக் கண்விழிப்பது. தெய்வம் வழக்கைத் தீர்த்து வைத்துவிட்டால் ஒற்றன் தேர்ந்தெடுக்க எதுவும் மிஞ்சாது. மதம் மாறிச் சமாதானம் அடைவதும் இதே குறுக்கு வழிதான்.

நான்காவது சின்னதாகத் தெரியும், ஆனால் வாசகர் புத்தகத்தை மூடுவது அதில்தான்: சடங்கைப் பிழையாக எழுதுவது. பெரிய வெள்ளியன்று திருப்பலி கிடையாது. அன்றைக்குப் பூசைக்குப் போனதாக ஒற்றன் சாட்டுச் சொன்னால் அந்தச் சாட்டே அவனைக் காட்டிக்கொடுக்கும். எழுத்தாளர் தெரியாமல் எழுதினால் பிழை, தெரிந்து எழுதினால் அருமையான பொறி. போயா நாள் மாதத்துக்கு மாதம் திகதி மாறும். கதை நடக்கும் வருடத்துக் கலண்டரைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காமன் கூத்து மாசியில் நடப்பது, அதை ஐப்பசி மழைக்குள் கொண்டுபோகக் கூடாது. கோயில் வழமைக்குப் பூசாரியிடமும், பாவசங்கீர்த்தன விதிக்குப் பங்குக் குருவிடமும், பாதிமோக்கத்துக்கு விகாரையிலும் நேரே போய்க் கேட்பதே நல்லது. கதைக்காக என்று சொன்னால் பெரும்பாலும் சந்தோஷமாகவே விளக்குவார்கள்.